கூழாங்கல்லும் அடியாரிணக்கமும்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் நாட்டுப் பட்லி சால்ட்டர்டன் என்னும் ஊரருகே, ஆட்டர் என்னுஞ் சிற்றாறு கடலொடு கலக்கின்றது. ஆங்குள்ள கரை மணற்பரப்பன்று, வழவழத்த கூழாங்கற்களாலாயது. அமைதி நாடி அங்குச் செல்வார் பலர்.

அக்கற்கள் இன்றைய சிற்றாற்றால் உருவாயினவல்ல. ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகட்கு முன்னர், இன்றைய பிரான்சின் பிரிட்டனிப் பகுதியினின்று வடக்கு நோக்கியோடிய பேராறொன்று அவற்றை உருட்டிக் கொணர்ந்ததென நிலநூலார் கூறுவர். பாறையுட் புதைந்து கிடந்த அவை, கடலலை கரைமேட்டை அரித்தலால் மீண்டும் வெளிப்படுகின்றன.

அவற்றின் கூர்மை நீங்கியது எவ்வாறு? கல் தன்னைத் தானே தேய்த்துக் கொள்ளமாட்டாது. பெருக்குத் தள்ள, கல்லொடு கல் உராய்தலானே முனை மழுங்கும். ஈண்டுப் பெருக்குத் திருவருள்; உராய்வு அடியாரிணக்கம்; முனை ஆணவ முனைப்பு. உவமை ஒருபுடையொப்பாதலின், முனை கல்லின் கூறாதல் போல மலமும் உயிரின் கூறெனக் கொள்ளற்க.

தனிமையே வீடு தருமெனக் கருதித் திருக்கூட்டத்தை அகல்வாருமுளர். சிவஞானபோதம், இறைவன் திருவடி கூடுதலைப் பதினொன்றாஞ் சூத்திரத்திற் கூறியபின்னரும், பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அன்பரொடு கூடுதலை விதித்தமை அவர் நோக்கற்பாலது. சீவன்முத்தர்க்கே அது வேண்டப்படுமாயின், நம்மனோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின், அடியாரொருவர் சொல் நம்மை உறுத்துங்கால், அவரை வெறுத்து விலகாது, அவரை நம்பாற் செலுத்திய திருவருளை வணங்கி நிற்போமாக.