மருந்தை மறுக்கும் உடல்

செய்த உதவி பலனளிக்காதபோது குற்றம் யாருடையது? கொடுத்தவருடையதா, பெற்றவருடையதா? இவ்விரண்டில் ஒன்றைத் தீர்ப்பாகச் சொல்லிவிட நாம் விரைகிறோம். கண் மருத்துவம் காட்டும் ஓர் உண்மை நம் விரைவைச் சற்றே தடுத்து நிறுத்துகிறது.

விழியின் நடுப்படலத்தில் தோன்றும் அழற்சியை யுவியைட்டிஸ் என்பர். கிருமித்தொற்று இன்றியும் அது வருவதுண்டு. அப்போது உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே கண்ணைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது. அடக்காவிடில் பார்வை பறிபோகலாம். இவ்வழற்சியை மூட்டும் புரதங்களுள் ஒன்று டி.என்.எஃப். அதனைப் பற்றிப்பிடித்துச் செயலிழக்கச் செய்யும் உயிரிமருந்து அடாலிமுமாப். 2016இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்நோய்க்கு அது ஒப்புதல் பெற்றது. பெரியவர்களுக்குப் பொதுவாக இரு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ஊசியாகத் தோலுக்கடியில் செலுத்துகின்றனர்.

இதற்கு முன் வந்த இன்ஃப்ளிக்சிமாப் மருந்தில் ஒரு பகுதி எலியின் புரதம். உடல் அதனை அந்நியமெனக் கருதுவதில் வியப்பில்லை. அடாலிமுமாபோ முழுவதும் மனிதப் புரத அமைப்பிலேயே ஆக்கப்பட்டது. ஆயினும் சிலரது உடல் அதையும் பகையென எண்ணி, எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை மருந்தை முடக்கிக் குருதியிலிருந்து விரைந்து அகற்றவும் செய்கின்றன. அடங்கிய அழற்சி மீண்டும் தலைதூக்குகிறது.

மங்கிய கண்களோடு திரும்பி வரும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கடன் வாங்கி ஊசி போட்டுக்கொண்டவர் அவர். "ஒழுங்காகப் போட்டீர்களா?" என்ற கேள்வியே அவரை முதலில் எதிர்கொள்கிறது. கேள்வி தவறன்று; கேட்டே ஆகவேண்டும். ஆனால் விடை வருமுன்பே நம் முகம் ஐயத்தைக் காட்டிவிட்டால், நோயோடு அவமானத்தையும் அவர் சுமக்க நேர்கிறது. குருதியில் மருந்தின் அளவையும் எதிர்ப்பொருளையும் சோதித்தால் அவர் பக்கம் உண்மை இருப்பது வெளிப்படக்கூடும். மருந்து போதிய அளவு இருந்தும் நோய் தணியவில்லையெனில், வேறு வழி தேடவேண்டும் என்பது புலப்படும். அளந்து பார்ப்பதும் ஒருவகை நீதியே அன்றோ?

எதிர்ப்பாற்றலையும் நாம் பழிக்க இயலாது. எத்தனையோ கிருமிகளிடமிருந்து அவரைக் காத்ததும் அதே விழிப்புணர்வுதான். எனவே மருத்துவர் அதனை அழிக்க முனைவதில்லை, தணிக்கவே முயல்கிறார். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தைத் துணையாகத் தரும்போது எதிர்ப்பொருள் உருவாவது குறைகிறது. அதுவும் பயன்படாவிடில் மருந்தை மாற்றுகிறார், நோயாளியைக் கைவிடுவதில்லை.

நம் இல்லங்களிலும் அறிவுரை பலிக்காத பிள்ளை உண்டு. உதவி பெற்றும் எழமுடியாத உறவினர் உண்டு. "திருந்தாத ஜென்மம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மறுப்பெல்லாம் மனமறிந்த மறுப்பாகிவிடாது. அவர் அறியாமலே அவருக்குள் ஏதோ ஒன்று நம் உதவியைத் தடுத்திருக்கலாம். பழி சொல்லுமுன் காரணம் கேட்போம். கொடுத்த முறையையும் மாற்றிப் பார்ப்போம்.