ஓய்வும் ஓடமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் எங்கே வாழ வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்பது அவரவர் சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால், சொந்த விஷயம் என்று ஒதுக்கி வைக்கப்படும் இடங்களிலேதான் ஒரு சமுதாயத்தின் முகம் பூச்சின்றித் தெரிகிறது. மேலைநாட்டு முதியோருள் வசதி படைத்த ஒரு சாராரிடையே பரவியுள்ள வழக்கம் ஒன்றை அவ்வகையில் ஆராய்ந்து பார்ப்பது பயனுடைத்து. வீட்டை விற்று, தளபாடங்களை விற்று, மாகடல் கடக்க வல்ல இயந்திரப் படகொன்றை வாங்கி, எஞ்சிய ஆயுளை அதிலேயே கழிப்பது அவ்வழக்கம்.

திருகோணமலையில் வாழும் நமக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியன்று. வடகீழ்ப் பருவக்காற்றுத் தணியும் மாசி, பங்குனி மாதங்களில் மலேசியா, தாய்லாந்துப் பக்கமிருந்து கடல் கடந்து வரும் உல்லாசப் படகுகள் நமது துறைமுகத்திலும் நங்கூரமிடுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பாய்ப்படகுகள்; இயந்திரப் படகுகள் சிலவே. கரையில் நின்று பார்க்கும் மாணவன் ஒருவன், "இவர்களுக்கு வேலை இல்லையா?" என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வது? பொறாமையோடு சொல்லும் விடையும் வேண்டாம், வியப்போடு சொல்லும் விடையும் வேண்டாம்.

முதலில் அப்படகின் பெயரைக் கவனிப்போம். அதனை அவர்கள் 'ட்ரோலர்' என்கின்றனர். நம் கடற்கரைகளில் 'றோலர்' என்று வழங்குவதும் அதே சொல்தான். வடக்கிலும் கிழக்கிலும் சிறு வலைத் தொழிலாளி ஒருவரிடம் அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கடலின் அடியை வாரிச் செல்லும் இழுவைமடியும், அறுந்துபோன தன் வலைகளுமே அவர் நினைவுக்கு வரும். அத்தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. அதன் பின்னும் பாக்குநீரிணையில் பிணக்கு ஓயவில்லை. உல்லாசப் படகிலோ மடியும் இல்லை, மீனும் இல்லை. உழைப்பாளியின் படகிலிருந்து உறுதியான உடலையும் உயர்ந்த அணியத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, உழைப்பை மட்டும் கரையிலே இறக்கிவிட்டார்கள்.

இவ்வகைப் படகுக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கப்டன் றொபேட் பீபி. அவர் 1963 இல் சிங்கப்பூரிலே ஐம்பதடி நீளப் படகொன்றைக் கட்டுவித்து, இந்துமாகடலையும் செங்கடலையும் கடந்து கிரேக்க நாட்டை அடைந்தார். தாம் கண்டறிந்தவற்றை 1975 இல் நூலாகவும் வெளியிட்டார். பின்னர் இதுவே ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் நோர்ட்ஹேவன் வகையைச் சேர்ந்த நாற்பதடிப் படகொன்று தன் இயந்திர வலுவாலேயே உலகைச் சுற்றி வந்தது.

இப்படகுகளின் பௌதிகம் அழகானது என்பதை மறுப்பதற்கில்லை. நீரைப் பிளந்து ஒதுக்கிச் செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை வகுக்கிறது. நீர்மட்டத்தில் நாற்பதடி நீளமுள்ள படகு மணிக்கு ஏறத்தாழ எட்டரைக் கடல்மைலை எட்டியதும், தான் எழுப்பிய அலைக்குள் தானே அகப்பட்டுக் கொள்கிறது. அதற்குமேல் விரட்டினால் எரிபொருள்தான் கரையும். வேகத்தை ஆறுக்குக் குறைத்தாலோ, அதே தாங்கி எண்ணெய் மிக நெடுந்தூரத்துக்குப் போதும். வாழ்நாள் முழுவதும் மணிக்கூட்டுக்கு அடிமையாயிருந்தவர் முதுமையில் இந்த மெதுவைத் தேடி வருவதில் நியாயம் இருக்கிறது. நாம் அதை ஏளனம் செய்யவில்லை.

வாங்குவோருக்குக் கூறப்படும் அறிவுரைகளும் வெறும் ஆடம்பரமல்ல. இருவரே செலுத்தத்தக்க படகா? இயந்திரம் ஒன்றா, இரண்டா? ஒன்றாயின், அது பழுதுற்றால் கரை சேர்க்கச் சிறிய துணை இயந்திரம் உண்டா? உருளும் கடலில் படகை நிமிர்த்தி வைக்க என்ன ஏற்பாடு? மூட்டு நோவுள்ளவர் ஏணியில் ஏற வேண்டுமா, படிக்கட்டு இருக்கிறதா? இயந்திர அறையிலே முதுகு வளையாமல் நின்று வேலை செய்யலாமா? இவையெல்லாம் முதுமையின் மெய்யான கேள்விகள். மலையகத்துத் தோட்டக் குடியிருப்பைக் கட்டியவன் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டிருப்பானா என்பது வேறு விஷயம்.

ஆனால் இக்கேள்விகள் அனைத்தும் ஒரே இலட்சியத்தை நோக்கியவை. அதற்குத் தன்னிறைவு என்று பெயர். எவரிடமும் கையேந்தாமல், எவர்க்கும் கட்டுப்படாமல், வேண்டியபோது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும் சுதந்திரம். தத்துவ நோக்கில் நாம் தடுத்து நிறுத்த வேண்டிய இடம் இதுவே.

நமது கொட்டியாரக் குடாவே இதற்குச் சான்று. 1659 இல் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் 'ஆன்' புதிய மரம் தேடி இக்குடாவுக்குள் வந்தது. அதன் தலைவனும் அவனுடைய மகன் றொபேட் நொக்ஸும் பிறரும் 1660 இல் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தான். மகன் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் கழித்து 1679 இல் தப்பினான். உலகக் கடல்களை அளந்த கப்பலும் ஒரு மரத்துக்காகப் பிறர் கரையில் இறங்கியாக வேண்டும். இன்றைய படகுக்கு அந்த மரம் டீசல், வடிகட்டி, மருந்து, நாட்டுக்கு நாடு குத்தப்படும் கடவுச்சீட்டு முத்திரை. மாதந்தோறும் வங்கியில் விழும் ஓய்வூதியம் எவருடைய உழைப்பின் பங்கு? தன்னிறைவு எனப்படுவது பெரும்பாலும், பிறர் உழைப்பைப் பணமாக்கித் தாங்கியில் நிரப்பிக்கொள்வதே. இதை உணர்ந்து கடலில் வாழ்பவரோடு நமக்கு வழக்கில்லை. உணராது, 'நான் எவருக்கும் கடன்பட்டவனல்லேன்' என்பவரோடுதான் வழக்கு.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் இன்னொரு வகை நெடுந்தூரப் படகைக் காணலாம். பலநாட் படகு என்பது அதன் பெயர். பீபியின் படகோடு நீளத்தில் ஏறத்தாழ ஒத்ததே. அதில் ஐந்தாறு பேர், வாரக்கணக்கில், சில வேளை மாதத்துக்கும் மேலாக, பனிக்கட்டிக்கும் எண்ணெய்க்கும் நடுவே வாழ்கின்றனர். இலங்கைப் பலநாட் படகுகள் அராபியக் கடல் வரைக்கும் போகின்றன. கடலிலே வீடு என்பது இவர்களுக்குத் தெரிவு அன்று, கூலியின் நிபந்தனை. ஒரே கடலில், ஒத்த அளவுப் படகில், ஒருவர் ஓய்வையும் மற்றவர் உயிரைப் பணயம் வைத்த உழைப்பையும் காண்பதற்குக் காரணம் கடலில் இல்லை.

வல்வெட்டித்துறையிலே நம்மவர் கட்டிய 'அன்னபூரணி'யின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. சிறு பாய்ப்படகில் முன்னரே உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் றொபின்சன் அதை விரும்பி வாங்கினார். அவருடைய மனைவியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தனர். அச்சாதனையை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆயினும் தச்சரும் மாலுமியும் சேர்ந்து ஆக்கிய ஒரு தொழிற்கலை, இன்னொருவரின் உல்லாசத்துக்கு விற்கப்பட்ட பின்னரே உலகின் கண்ணுக்குத் தெரிந்தது என்பதையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

இடையே ஒரு சொல். கடற்பயணம் பெண்ணோடு செல்வதன்று என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. இப்படகுகளிலோ கணவனும் மனைவியும் சேர்ந்தே போகின்றனர். இது முன்னேற்றமே. எனினும் சுக்கானைப் பிடிப்பவர் யார், உருளும் அடுப்பில் சோறு வடிப்பவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், பழைய இலக்கணம் முழுவதும் கரையில் விடப்படவில்லை என்று தோன்றும்.

நம் அணியிலேயே சிலர் இத்தகைய வாழ்க்கையை 'பூர்ஷ்வாச் சோம்பல்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். அது மலிவான விடை. மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க் 1880 இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கட்டாய உழைப்பு முடிகிற இடத்தில்தான் சுதந்திரத்தின் ஆட்சி தொடங்குகிறது என்பது மார்க்ஸின் சொந்தக் கருத்து. ஆகவே ஓய்வை வேண்டுவது குற்றமன்று. அது சிலருக்கு மட்டும் சொத்தாகவும், ஏனையோர்க்குக் கனவாகவும் இருப்பதே குற்றம்.

இன்னும் ஒன்று உண்டு. வீட்டைத் துறந்து கடலேறுவதை விடுதலை என்று நம் மாவட்டத்தில் எளிதில் சொல்லிவிட முடியாது. 1990 இலும் 2006 இலும் இங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் மன்னார்க் கரைக்குப் போய், நள்ளிரவில் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கின. அவர்களும் வீட்டை விட்டுப் போனவர்களே. எவரும் படகைத் தெரிவு செய்யவில்லை. சம்பூரில் 2006 இல் விட்டுச்சென்ற காணிகளுக்குத் திரும்ப ஒன்பது, பத்து ஆண்டுகள் காத்திருந்தோர் பலர். திரும்பி வர ஓரிடம் உறுதியாக உள்ளவருக்கே புறப்பாடு இன்பமாகிறது. அந்த உறுதியைத் தருவது கடவுச்சீட்டின் நிறமும் வங்கிக் கணக்கும்.

எனவே, நம் ஆசிரிய நண்பருள் ஒருவர் இத்தகைய கனவு காண்பாராயின், கனவைக் கைவிடுமாறு நாம் கூறமாட்டோம். எரிபொருள் எத்தனை கடல்மைலுக்குப் போதும் என்று கணக்கிடும்போது, திருக்கடலூரிலும் உப்புவெளியிலும் அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் அருகில் வைத்துப் பார்க்கும்படி மட்டும் கேட்போம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் குடிப்பது அந்த எண்ணெயைத்தான். போர்க்காலத்தில் கடற்றொழிலாளி எத்தனை தூரம் போகலாம் என்பதைக் காவலரண் தீர்மானித்தது. அந்த ஆகஸ்டில் எண்ணெய் விலை தீர்மானித்தது.

அரசாங்க ஆசிரியருக்கு அறுபது வயதில் ஓய்வூதியம் உண்டு. மீனவர்க்கும் ஓய்வூதியம் வழங்க 1990 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது சந்தா கட்டுவோர்க்கான திட்டம். கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் அடுப்பே எரியாத வீட்டிலிருந்து சந்தா எப்படி வரும்? கரையோரப் பூவரச நிழலில் எழுபது வயதைத் தாண்டிய கைகள் இன்னும் வலை பொத்திக்கொண்டிருக்கின்றன. சிலருக்கு அது மகனின் வலை; பலருக்குச் சம்மாட்டியின் வலை.