பத்மநாபனின் சொத்து

1750 ஜனவரியில், அதாவது கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குத் தானமாகக் கொடுத்தார். அரச வாளைச் சன்னதியில் வைத்து வணங்கி, அதைச் சுவாமியின் கையிலிருந்து பெற்றதாகத் திரும்ப எடுத்துக்கொண்டு, அன்று முதல் பத்மநாபதாசர் என்ற பட்டத்தோடு ஆண்டார். திருப்படித்தானம் எனப்படும் இந்தக் கொடைக்குப் பிறகு நாட்டின் உடைமையாளர் கடவுள். மன்னர் அவருடைய காரியஸ்தர். கடவுளுக்குச் சொத்து இருக்க முடியுமா, இருந்தால் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் யார் என்ற கேள்விகள் இந்த ஊரில் ஏட்டோடு நிற்கவில்லை. அரண்மனை, சிறை, உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் அவை சுற்றி வந்திருக்கின்றன.

கோயில் இந்தக் கொடையைவிட மிகப் பழையது. நம்மாழ்வார் பாடிய தலம். மலைநாட்டுத் திருப்பதிகளில் ஒன்று. மார்த்தாண்ட வர்மாவுக்கு முன்பு கோயிலும் அதன் நிலங்களும் எட்டரை யோகம் என்ற சபையின் கையில் இருந்தன. அந்த அரை, மன்னருக்கு உரிய பங்கு. கோயிலுக்குத் தீங்கு நேர்ந்தபோது, திருவிதாங்கூருக்கு முன்னோடியான வேணாட்டின் மன்னர்கள் தண்டம் கட்டித் தீர்த்த செய்திகளும் கோயிலின் பழைய ஆவணங்களான மதிலகம் ஓலைகளில் உண்டு. நிலத்தின் மீது செல்வாக்குப் பெற்றிருந்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரை மார்த்தாண்ட வர்மா ஒழித்தார். 1741-ல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். காயங்குளம் முதலிய சிற்றரசுகளைப் பிடித்தார். புதிதாகப் பிடித்த நாடு சுவாமியின் உடைமை ஆகிவிட்டால், மன்னரை எதிர்ப்பது ராஜத் துரோகத்தோடு நிற்காது, தெய்வத் துரோகமும் ஆகும். கொடையின் அரசியல் லாபம் இவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும், அரசியல் தந்திரம் என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடக் கூடாது. ஊழியன் என்று அறிவித்துக்கொண்டவனை ஊழியனாகவே அளந்து பார்க்கும் உரிமை அதனால் மற்றவர்களுக்கும் வந்துவிட்டது.

கடவுளின் உடைமை பற்றி இந்தியத் தத்துவத்தில் ஒருமித்த கருத்து இல்லை. ஜைமினியின் மீமாம்சை நூலுக்கு உரை எழுதிய சபரர், தெய்வத்துக்குச் சொத்து கிடையாது என்று வாதிட்டார். உடைமை என்றால் அதை விருப்பப்படி பயன்படுத்த முடிய வேண்டும். தெய்வமோ எந்த நிலத்தையும் அப்படிப் பயன்படுத்துவதில்லை. ஆகவே, தேவ கிராமம் என்று வழங்குவது உபசார வழக்கு மட்டுமே. வேள்வியையே மையமாகக் கொண்டவர் இப்படிச் சொன்னார் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ராமானுஜரின் மரபு இதற்கு நேர் எதிர். உயிரும் உலகும் இறைவனுடைய உடைமை, அவனுக்கென்றே இருப்பவை. சேஷன், சேஷி என்ற உறவு அது. ஆனால் இந்தக் கொள்கையை முழுதாக ஏற்றால் 1750-ன் கொடைக்கே பொருள் இல்லாமல் போகிறது. ஏற்கெனவே அவனுடையதாக இருப்பதை அவனுக்கே எப்படித் தானம் செய்வது? தானம் என்பதைவிட, தன்னுடையதென்று எண்ணியிருந்ததைக் கைவிடுவது என்று கொண்டால்தான் அது பொருந்தும். ராமானுஜரே இந்தக் கோயிலின் பூஜை முறையை மாற்ற முயன்றார் என்றும், நம்பூதிரிகளின் முறையீட்டைக் கேட்ட பெருமாள் அவரை உறக்கத்திலேயே திருக்குறுங்குடிக்கு அனுப்பிவிட்டார் என்றும் வைணவக் கதை உண்டு. உடைமையாளரும் தம் ஊழியர்களின் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்தான் போலிருக்கிறது.

கோயிலுக்குள் இந்தக் கைவிடுதல் கண்ணால் காணக்கூடிய வழக்கமாகவே இருக்கிறது. கடுசர்க்கரை என்ற கலவையால் ஆன பதினெட்டு அடி நீளத் திருமேனி. அதனுள் 12,008 சாளக்கிராமங்கள். அனந்தன் மேல் கிடக்கும் சுவாமியை மூன்று வாசல்கள் வழியாகப் பகுதி பகுதியாகத்தான் பார்க்க முடியும். எதிரே ஒற்றைக்கல் மண்டபம். அந்தக் கல்லில் விழுந்து கும்பிடுபவரும் அதன் மேல் வைக்கும் பொருளும் பத்மநாபனுக்குச் சொந்தமாகிவிடும் என்பது நம்பிக்கை. அதனால் பத்மநாபதாசர் ஒருவரே அங்கே நமஸ்கரிக்கிறார். கோயிலை விட்டு வெளியே வரும்போது காலில் ஒட்டிய மணலையும் தட்டிவிட்டு வருவது அரச குடும்பத்தாரின் வழக்கம்.

இத்தனை நுணுக்கமான உரிமைக் கணக்கில், வரி கட்டியவர்களும் கூலியில்லா ஊழியம் செய்தவர்களும் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்? ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபத்தில் வேதம் ஓதும் நம்பூதிரிகளுக்கு அரசுச் செலவில் விருந்து நடந்தது. தாழ்த்தப்பட்ட சாதியார் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில்கூட நடக்க முடியவில்லை. இந்த முரணை இறையியலாகவே எழுப்பியவர் சாமிதோப்பில் 1809-ல் பிறந்த ஐயா வைகுண்டர். தம்மையே நாராயணரின் அவதாரம் என்று அறிவித்தவர் அவர். 1830-களின் இறுதியில், சுவாதித் திருநாள் ஆட்சியில், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அவர் சிறை வைக்கப்பட்டார். நாராயணரின் ஊழியன் என்று ஆண்டவர், நாராயணர் என்று சொல்லிக்கொண்டவரைச் சிறையில் அடைத்தார். வைகுண்டர் வழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை அந்த மன்னரைக் கலிநீசன் என்கிறது. கடவுளின் உடைமை என்ற கொள்கையை வைகுண்டர் மறுக்கவில்லை. உடைமையாளருக்காகப் பேசும் உரிமையை அரண்மனையிடமிருந்து பிடுங்கினார். தானப் பத்திரத்துக்கு எழுந்த மறுப்புகளில் மிகக் கூர்மையானது இதுவே.

தாழ்த்தப்பட்டோரின் தலைவரான அய்யன்காளியின் வழி வேறு. 1893-ல் வெங்ஙானூரிலிருந்து வில்வண்டி ஓட்டி, அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் போனார். சாலை யாருடையது என்ற கேள்வியை அவர் வண்டிச் சக்கரத்தால் கேட்டார் எனலாம். பின்னர் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினரானார். சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019 முதல் அவர் பெயர். 1936 நவம்பர் 12-ல் மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டபோது, பத்மநாபனின் வாசலும் இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது.

அடுத்து வந்த மாற்றங்கள் காகிதத்தில் நடந்தவை. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த உடன்படிக்கையில் இந்தக் கோயிலின் நிர்வாகம் திருவிதாங்கூர் ஆட்சியாளரிடமே விடப்பட்டது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது கோயில்களுக்கான தேவஸ்வப் பணமும் பிரிந்தது. அரசியல் சாசனத்தின் 290ஏ பிரிவின்படி கேரளம் ஆண்டுக்கு 46.5 லட்ச ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கும், தமிழ்நாடு 13.5 லட்சத்தைத் தன் பக்கம் வந்த கோயில்களுக்கும் தர வேண்டும். 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. அதே ஆண்டில் கேரளச் சட்டம் ஒன்று கோயிலின் ஸ்ரீபண்டாரவகை நிலங்களையும் அரசிடம் சேர்த்தது. நிலச் சீர்திருத்தம் பத்மநாபனுக்கும் விலக்கு அளிக்கவில்லை.

சபரர் மறுத்ததை நவீன நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. இந்துச் சட்டத்தில் கோயில் மூர்த்தி ஒரு சட்ட நபர்; சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடரலாம், 1969-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி வருமான வரியும் கட்ட வேண்டும். தானே பேச முடியாததால் அவருக்காகச் செயல்படுபவர் ஷெபாயத் எனப்படுகிறார். சித்திரைத் திருநாள் 1991-ல் காலமானபின் அந்தப் பொறுப்பு யாருக்கு? ஆட்சியாளர் என்று இனி ஒருவரும் இல்லை, எனவே அரசே ஏற்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டின் நடுவில் நிலவறைகள் திறக்கப்பட்டு, பொன்னும் மணியும் வெளிப்பட்டபோது உலகமே எட்டிப் பார்த்தது. பி நிலவறை திறக்கப்படவில்லை. முன்னாள் தணிக்கைத் தலைவர் வினோத் ராய் கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்தார். 2020 ஜூலை 13-ல் நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு, மன்னரின் மரணத்தால் குடும்பத்தின் ஷெபாயத் உரிமை அழியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அன்றாட நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் கொடுத்தது. குடும்பத்தின் பிரதிநிதி, தந்திரி, மாநில அரசின் பிரதிநிதி, மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் பிரதிநிதி ஆகியோர் அதன் மற்ற உறுப்பினர்கள். ஊழியர் பதவி பரம்பரையாகத் தொடர்கிறது. கணக்குப் புத்தகம் அவர் கையில் மட்டும் இல்லை.

பாறசாலையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் காலை ரயிலில் வந்து தம்பானூரில் இறங்கி அலுவலகம் போகிறவர்களுக்கு இந்த வழக்குகள் பத்திரிகைச் செய்தி. நகரத்தின் மீது தெய்வத்துக்குள்ள உரிமையை அவர்கள் காண்பது தெருவில். பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் சுவாமியை நீராட்டும் ஆராட்டு ஊர்வலம் மேற்குக் கோட்டையிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அரச குடும்பத் தலைவர் வாளேந்தி முன்னே நடக்கிறார். வழியில் விமான நிலைய ஓடுபாதை குறுக்கிடுவதால், விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பி, சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் தமிழ்நாட்டிலிருந்து களியக்காவிளை எல்லை தாண்டி இந்த ஊருக்கு வருகிறார்கள். இரு மாநிலப் போலீசாரும் அணிவகுப்பு மரியாதை தருகிறார்கள்.

ஆற்றுக்கால் பகவதியின் பொங்காலைக்கு இந்தப் பரம்பரை உரிமை எதுவும் தேவைப்படவில்லை. கண்ணகி என்று கருதப்படும் அந்த அம்மனுக்காக மாசி மாதத்தில் லட்சக்கணக்கான பெண்கள் நகரத் தெருக்களில் செங்கல் அடுப்பு வைத்துப் பொங்குகிறார்கள். தலைமைச் செயலகத்தின் முன்னும், ரயில் நிலையத்தின் வாசலிலும், யாருடைய கடை ஓரமானாலும் இடம் பிடித்தவருக்கே அன்று அந்த இடம். பொங்கல் முடிந்ததும் மாநகராட்சித் தொழிலாளர்கள் சாலைகளைக் கூட்டிக் கழுவுகிறார்கள். விட்டுப்போன செங்கற்களை மாநகராட்சி சேகரித்து, ஏழைகளின் வீட்டுத் திட்டங்களுக்குத் தருகிறது.