உயிர் காக்கும் கடமையும் உறுப்புரிமையும்

உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவனைக் காப்பாற்றுவது தன் கடமை என ஏற்றுக்கொள்ளும் ஓர் அரசு, அவன் அந்நிலையை அடையாது தடுப்பது தன் கடமையன்று எனக் கூற முடியுமா? முதல் நோக்கில் இது தருக்கவியல் வகுப்பறைக்குரிய புதிராகத் தோன்றலாம். ஆயின், ஐக்கிய அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பலரது வாழ்வும் சாவும் இவ்வினாவுக்கு அங்குள்ள மாநில அரசுகள் அளிக்கும் விடையிலேயே தங்கியுள்ளன.

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டில் இச்சமூகத்தினர் 6 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கலிபோர்னியா மாநிலத்தில் ஏறத்தாழ ஐவரில் இருவர் இவர்களே. இவர்களுட் பெரும்பாலானோர் அந்நாட்டுப் பிரசைகள். எனினும், பிள்ளை பிரசையாகவும் தாய் குடிவரவுப் பத்திரமற்றவளாகவும் ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பங்கள் பலவுள. வயல்களிலும், கட்டட வேலைத்தளங்களிலும், உணவுச்சாலைச் சமையலறைகளிலும் அத்தாய் தந்தையரின் உழைப்பு நாள்தோறும் பயன்படுகின்றது. ஆனால், 2010ஆம் ஆண்டின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் நிறுவிய காப்புறுதிச் சந்தையில், பத்திரமற்றோர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தேனும் காப்புறுதி பெற இடமில்லை. மறுபுறம், 1986ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அவசர நிலையில் வருபவர் எவராயினும் வைத்தியசாலை அவரைப் பரிசோதித்து உயிராபத்தினின்றும் மீட்க வேண்டுமென விதிக்கின்றது. இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே மாநில அரசின் சுகாதாரக் கொள்கை இயங்குகின்றது.

அவ்வெளியின் கொடுமையைச் சிறுநீரகம் செயலிழந்த நோயாளரின் நிலை தெளிவாகக் காட்டும். இத்தகையோருக்கு டயலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பு வழக்கமாக வாரத்துக்கு மும்முறை தேவை. ஆனால் சில மாநிலங்களில், பத்திரமற்ற நோயாளர் குருதியில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்து, மூச்சுத் திணறி, சாவின் விளிம்பை அடைந்த பின்னரே சிகிச்சை பெறலாம். சிகிச்சை முடிந்ததும் வீடு திரும்புவர். சில நாட்களில் மீண்டும் அதே விளிம்புக்கு வருவர். டென்வர், ஹூஸ்டன் நகரங்களில் இவ்வாறு அவசர நிலையில் மட்டும் சிகிச்சை பெற்றோரையும், சான் பிரான்சிஸ்கோவில் ஒழுங்காகப் பெற்றோரையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஐந்தாண்டு முடிவில் முன்னையோர் இறக்கும் அபாயம் பின்னையோரினும் ஏறத்தாழ 14 மடங்கு அதிகமாயிருந்தது. டலஸ் நகரிற் செய்யப்பட்டு 2019இல் வெளியான வேறோர் ஆய்வோ, ஒழுங்கான சிகிச்சை உயிரைக் காப்பதோடு செலவையும் குறைக்கின்றது எனக் கண்டது. அதே ஆண்டில் கொலராடோ மாநிலம், சிறுநீரகச் செயலிழப்பையே அவசர நிலை என வரையறுத்து, ஒழுங்கான சிகிச்சைக்கு வழிவகுத்தது. மத்திய சட்டம் மாறவில்லை. ஒரு சொல்லின் வரைவிலக்கணமே மாறியது. அதனாற் பல உயிர்கள் நிலைத்தன.

இங்கு எழும் ஒழுக்கவியற் பிரச்சினை யாது? காப்பாற்றும் கடமை நோயாளியின் உயிரை நோக்கியதாயின், அவ்வுயிர் இன்று மதிப்புடையதாகவும் நேற்று மதிப்பற்றதாகவும் இருந்திருக்க முடியாது. நேற்று கொடுத்திருக்கக்கூடிய மருந்தை மறுத்துவிட்டு இன்று உயிரை மீட்க ஓடுவது, அவ்வுயிரின்பாற் கொண்ட மதிப்பினால் அன்று; தன் வாயிலில் ஒருவன் சாவதைக் காணச் சகியாமையினாலேயே ஆகும். அங்கே காக்கப்படுவது காண்பவரின் மனச்சாந்தியேயன்றி நோயாளியின் வாழ்வன்று. நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் ஆராய்தல் வேண்டுமென வள்ளுவர் மருத்துவனுக்கு விதித்த நெறி அரசுக்கும் பொருந்தும்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அரசு என்பது அதன் உறுப்பினர் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஏற்பாடு. அதன் நலன்கள் உறுப்பினருக்கே உரியன. சட்டத்தை மீறி வந்தவர் அவற்றில் பங்கு கோரல் நீதியன்று என்பர். 1994இல் கலிபோர்னிய வாக்காளருள் ஏறத்தாழ 59 சதவீதத்தினர், பத்திரமற்றோருக்குப் பாடசாலையையும் அவசரமற்ற மருத்துவத்தையும் மறுக்கும் 187ஆம் பிரேரணையை ஆதரித்தமை இச்சிந்தனையின் வலிமையைக் காட்டும். நீதிமன்றம் அதனை நடைமுறைக்கு வரவிடவில்லை.

எனினும், உறுப்புரிமை என்பது பத்திரத்தினால் மட்டும் பிறப்பதா? அரசியல் தத்துவ அறிஞர் மைக்கல் வால்ஸர் 1983இல் வெளியிட்ட நூலில், ஒரு நாட்டில் உழைத்து, அதன் சட்டத்துக்கு அடங்கி வாழ்வோரை என்றென்றும் புறத்தாராக வைத்து ஆளுதல் கொடுங்கோன்மையின் ஒரு வடிவமே என வாதிட்டார். அவர் கருதியது அழைக்கப்பட்டு வந்த தொழிலாளரையே. ஆயின் பத்திரமற்ற தொழிலாளியையும் வேலைச்சந்தை அழைக்கத்தான் செய்தது. அவனது முதுகை ஏற்றுக்கொண்ட சமூகம் அம்முதுகின் நோவை மட்டும் அந்நியமெனத் தள்ளுவது எங்ஙனம்? கலிபோர்னிய வயல்களில் நாள் முழுதும் குனிந்து நிற்கச் செய்த குறும்பிடி மண்வெட்டி, தொழிலாளரின் முள்ளந்தண்டைச் சிதைக்கின்றது என வைத்தியர் சான்று கூறினர். நெடும்பிடி பயிருக்குக் கேடு விளைவிக்கும் எனப் பண்ணையாளர் வாதிட்டனர். 1975இல் அம்மண்வெட்டி தடைசெய்யப்பட்டது, பயிர்ச்செய்கை அழியவில்லை. மருத்துவமனையால் ஆற்ற முடியாத நோயை ஒரு கொள்கை தடுத்தது.

வளம் குறைவு என்பது மற்றொரு தடை. கலிபோர்னியா தன் பொதுச் சுகாதாரக் காப்புறுதியைக் குடிவரவு நிலை நோக்காது 2016இற் சிறுவருக்கும், 2020இல் 25 வயது வரையிலான இளையோருக்கும், 2022இல் 50 வயதைக் கடந்தோருக்கும், 2024இல் எஞ்சிய வயதினருக்கும் விரித்தது. வரவு செலவுத் திட்டம் நெருக்கடியுற்றதும், 2026 சனவரி முதல் பத்திரமற்ற வளர்ந்தோரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்த 2025இல் முடிவு செய்தது. பற்றாக்குறை பொய்யன்று. ஆயின் வளம் குறையும்போது யாருக்குத் தேவை மிகுதி என வினவுதல் நீதி. யாரிடம் வாக்கில்லை என நோக்குதல் வசதி. ஈகையாக அளிக்கப்பட்டது கை சுருங்கும்போது முதலில் மீளப் பெறப்படும். உரிமையாக ஏற்கப்பட்டதே நெருக்கடியிலும் நிலைக்கும். 1982இல் உயர் நீதிமன்றம் பத்திரமற்ற பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலையில் இடமுண்டு எனத் தீர்ப்பளித்தமையால் அவர்தம் கல்வி ஆண்டுதோறும் நிதிநிலையின் தயவை வேண்டி நிற்பதில்லை. மருத்துவத்துக்கு அத்தகைய காப்பில்லை.

ஆதலின், இவ்விடயத்திற் குரல் கொடுக்கும் பொறுப்பு வாக்குரிமை உடையோரையே சாரும். நோயாளி மாநில மன்றத்தின் படியேறிப் பேசினால் நாடுகடத்தப்படலாம். அவனது பிரசையான மகளும், அயலவரும், அவனுக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியரும் அச்சமின்றிப் பேசலாம். அவர்கள் கோருவது புதியதொரு கருணையை அன்று. சாவின் விளிம்பில் அரசு ஏலவே ஒப்புக்கொண்ட கடமையைச் சற்று முன்னதாக, நோயாளி தன் கால்களால் நடந்து வரும் வேளையிலேயே, நிறைவேற்றுமாறே அவர்கள் கேட்கின்றனர்.