விதிகள் முரணும்போது

ஒரு விதியைத் தெளிவாக எழுதிவிட்டால் அதன்பின் வழக்கிற்கு இடமில்லை என்று எண்ணுவோர் பலர். எழுத்திலுள்ள குறையே பூசலுக்குக் காரணம் என்றும், சொற்களைத் திருத்தினால் பூசல் ஒழியும் என்றும் அவர்கள் கருதுகின்றனர். ஆயின், தனித்தனியே நோக்குமிடத்து ஐயத்துக்கு இடமற்ற இரண்டு விதிகள் ஒரே கணத்தில் ஒரே பொருளின்மீது வந்து மோதினால் எதற்குப் பணிவது? சட்டவியலாரும் இலக்கண ஆசிரியரும் நெடுங்காலம் உழன்ற வினா இது. இதனை ஒரு சீட்டு விளையாட்டைக் கொண்டு ஆராய முற்படுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் விளையாட்டில் உயிரோ காணியோ பணயமாக இல்லை. எனவே விதியின் இயல்பை அங்கே ஓரளவு கலக்கமின்றிப் பார்க்க முடிகிறது.

'மஜிக் - த கதரிங்' என்னும் விளையாட்டு 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. அதனை ஆக்கியவர் ரிச்சர்ட் கார்பீல்ட் என்னும் கணிதவியலாளர். வெளியிட்டது விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் என்னும் கம்பனி. நம்மவர் திண்ணையில் ஆடும் முந்நூற்றுநான்கில் கடதாசிகள் 32 மாத்திரமே. அவற்றின் பெறுமதி ஆடுவோர் அனைவருக்கும் மனப்பாடம். கட்டு யாருடையதாயினும் ஆட்டத்துக்கு அது பொது. மஜிக்கிலோ ஒவ்வொருவரும் தாம் வாங்கிச் சேர்த்த சீட்டுகளிலிருந்து தமக்கெனக் கட்டொன்றை அமைத்துக்கொண்டு வருகின்றனர். இதுவரை அச்சான வெவ்வேறு சீட்டுகள் 25,000க்கு மேல். அவை பெரும்பாலானவற்றின் முகத்தில் அவ்வவற்றுக்கேயுரிய விதி அச்சிடப்பட்டிருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்தாலே 31 கோடிக்கு மேற்பட்ட இணைகள் பிறக்கின்றன. அவ்வளவையும் முன்கூட்டிக் கண்டு எழுதுதல் எவர்க்கும் இயலாது. பொது விதிநூலும் சீட்டின் வாசகமும் நேரடியாக முரணினால் சீட்டே வெல்லும் என்று அந்நூல் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என்று கற்ற தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. இரு சீட்டுகள் தம்முள் முரணும்போதே சிக்கல் முளைக்கிறது.

எளியதொன்றை முதலில் நோக்குவோம். ஒருவரிடம் தாக்கும் வலு இரண்டும் தாங்கும் வலு இரண்டும் உடைய கரடியொன்று இருக்கிறது. எதிராளி 'லைட்னிங் போல்ட்' என்னும் இடிச்சீட்டை அதன்மீது ஏவுகிறார். அது மூன்று சேதம் விளைக்கும். கரடிக்குரியவர் உடனே 'ஜயன்ட் குரோத்' என்னும் சீட்டை ஆடுகிறார்; அந்த முறை முடியும்வரை கரடியின் இரு வலுக்களும் மும்மூன்றால் கூடும். எது முந்தி நிகழும்? 1999இல் வகுக்கப்பட்ட முறைப்படி, கோப்பைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி மேலிருந்து எடுப்பதுபோல, இறுதியாக ஆடப்பட்டதே முதலில் நிறைவேறும். கரடி ஐந்து வலுப்பெற்று இடியைத் தாங்கி நிற்கும். அதே சீட்டுகள் மாறிய வரிசையில் வந்தால், அதாவது வளர்ச்சிக்கு மறுமொழியாக இடி வந்தால், கரடி மாண்டுபோகும். வளர்ச்சிக்கு இலக்கே இல்லாது போகும். சொற்களில் ஓரெழுத்தும் மாறவில்லை, முடிவோ தலைகீழ். தாக்கப்படுவோனுக்கு மறுமொழி கூற இடங்கொடாது எதனையும் நிறைவேற்றலாகாது என்னும் நீதிமன்றக் கோட்பாட்டின் நிழலை இதிற் காண்கிறேன்.

மற்றொரு நெறி இன்னும் ஆழமானது. ஒரு விளைவு 'செய்யலாம்' என்றும் இன்னொன்று 'செய்ய இயலாது' என்றும் கூறுமாயின் இயலாது என்பதே வெல்லும். ஏன்? தடை என்பது ஒரு வாக்குறுதி. எதிர்ப்படும் அனுமதி ஒவ்வொன்றும் அதனை மீறலாமாயின் வாக்குறுதிக்குப் பொருளே இல்லை. நமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பேச்சுரிமை முதலிய பல உரிமைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க இடமளிக்கிறது. சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரைக்கோ அவ்வாறு இடமளிக்கவில்லை. அங்கே 'ஆகாது' என்ற சொல் வெல்வதே அறம். ஆனால் அதே சொல் வேறு வாயிலிலும் நின்றதை நாம் மறந்துவிடலாகாது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 'நுழையலாகாது' என்ற வழக்கே தாழ்த்தப்பட்டோரை மறித்து நின்றது. தடை வெல்லும் என்னும் விதி, அத்தடை யாரைக் காக்கிறது என்பதுபற்றி எதுவும் சொல்வதில்லை. அதை விதிநூலுக்கு வெளியேதான் கேட்க வேண்டும்.

இனி, ஆட்டக்காரர் அஞ்சும் முரணொன்று. 1997இல் வந்த 'ஹியுமிலிட்டி' என்னும் மந்திரச்சீட்டு, எல்லா உயிரிகளும் தம் ஆற்றல்களை இழக்கும், அவற்றின் இரு வலுக்களும் ஒவ்வொன்றாகும் என்கிறது. 1999இல் வந்த 'ஓபலசென்ஸ்', தன்னையும் பிறவற்றோடு ஒட்டவைக்கும் வகையினவற்றையும் ஒழிந்த மந்திரச்சீட்டுகள் யாவும் உயிரிகளாகும், ஒவ்வொன்றின் வலுவும் அதை ஆடச் செலவாகும் அளவினதாகும் என்கிறது. இரண்டும் மேசையில் கூடினால் ஹியுமிலிட்டியும் உயிரியாகிறது. உயிரியானதும் தன் ஆற்றலைத் தானே பறிக்கிறது. பறித்தபின் பறிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இல்லையெனின் பறிக்கப்பட்டதும் இல்லை. தன்னையே நீக்கும் சட்டம் செல்லுமா? விதிநூல் இச்சுழலை ஏழு படிநிலைகளால் அறுக்கிறது. பொருளின் வகையை மாற்றுவது நான்காம் படி. ஆற்றலைக் கொடுப்பதும் எடுப்பதும் ஆறாம் படி. வலுவை நிறுவுவது ஏழாம் படி. ஆறாம் படியில் ஹியுமிலிட்டி ஆற்றலை இழந்தாலும், ஒரு படியில் செயற்படத் தொடங்கிய விளைவு எஞ்சிய படிகளிலும் தொடரும் என்பது விதி. ஏழாம் படியில் இரண்டும் வலுவைப்பற்றி முரணும்போது பின்னர் மேசைக்கு வந்ததன் சொல் நிலைக்கும். ஹியுமிலிட்டி முந்தி வந்திருப்பின் அது நான்கு வலுவுடைய உயிரி. பிந்தி வந்திருப்பின் அதன் வலு ஒன்றே.

இம்முடிவில் இயற்கை நீதி என்று எதுவும் இல்லை. படிகளை வேறு வரிசையில் வைத்திருந்தால் விடையும் வேறாகியிருக்கும். ஆயினும் எவர் பயனடைவார் என்பது தெரியுமுன்னரே அவ்வரிசை எழுதப்பட்டிருந்தது. இரு பக்கத்தாரையும் அது ஒருபடியாகக் கட்டுகிறது. அதன் மதிப்பு முழுவதும் அதிலேயே தங்கியுள்ளது.

முரணைத் தீர்க்கும் விதிக்கும் உரை வேண்டும் என்பது வேறு கதை. சம வலியுள்ள இரு விதிகள் முரணும்போது 'பரம்' ஆனதைக் கொள்க என்பது பாணினியின் சூத்திரம். நூலில் பின்னர் வரும் விதி என்றே மரபுவழி உரைகாரர் அதற்குப் பொருள் கொண்டனர். 2022இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வொன்று, சொல்லின் வலப்பக்க உறுப்பின்மீது செயற்படும் விதியையே அது குறிக்கும் என்று வாதிட்டது. அறிஞர் அனைவரும் அதற்கு இசைந்துவிடவில்லை.

ஆகவே இறுதியில் ஒரு மனிதர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மஜிக் போட்டிகளில் நடுவர் உளர்; அவர் தீர்ப்பை ஏற்காதவர் தலைமை நடுவரிடம் முறையிடலாம். எழுதிய விதிக்கு நடுவரும் கட்டுப்பட்டவரே. இத்தகைய நடைமுறை நீதியை முதலாளித்துவ முகமூடி என்று ஒதுக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன், 1723ஆம் ஆண்டின் ஆங்கிலக் கொடுஞ்சட்டமொன்றை ஆராய்ந்து 1975இல் எழுதிய நூலின் முடிவில், சட்டத்தின் ஆட்சி மானிடர் அனைவருக்கும் உரிய நன்மை என்று வாதிட்டுத் தம் தோழர் சிலரின் கண்டனத்துக்கு ஆளானார். நான் அவர் பக்கமே நிற்கிறேன். விதியில்லாத மேசையில் உரத்த குரலுடையவனுக்கே கரடி பிழைக்கும்.

ஆயினும் மேசையின் சமத்துவம் சீட்டுகளை வாங்கியபின்னரே தொடங்குகிறது. சேகரிப்போரின் சொத்துப் பெறுமதியைக் காக்கும்பொருட்டு, சில சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சிடோம் என்று கம்பனி 1996இல் பட்டியலிட்டு உறுதியளித்தது. ஹியுமிலிட்டியும் பின்னர் அப்பட்டியலிற் சேர்ந்தது. அதன் படிநிலைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம்; சீட்டைப் பெறுவது பணமுள்ளோருக்கே எளிது.

'கொமாண்டர்' என்னும் ஆட்டவகை கம்பனியாற் படைக்கப்பட்டதன்று. ஆட்டக்காரரே அதனை உருவாக்கி, தனியான விதிக்குழுவொன்றால் நடத்திவந்தனர். 2024 செப்டெம்பர் 23ஆம் திகதி அக்குழு நான்கு சீட்டுகளைத் தடைசெய்தது. அவற்றுள் மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ் ஆகிய இரண்டும் விலைமிக்கவை. உடையவரை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மற்றவரைவிட முன்தள்ளுபவை. தடை வந்ததும் அவற்றின் விலை சரிந்தது. குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரே வாரத்தில், செப்டெம்பர் 30ஆம் திகதி, ஆட்டவகையின் நிர்வாகம் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. படிநிலை விதியால் ஓர் ஆட்டத்தை இழப்பதற்கு முணுமுணுப்பின்றி இசையும் கூட்டத்திலிருந்தே அம்மிரட்டல்கள் எழுந்தன. படிகள் வகுக்கப்பட்டபோது இழக்கப்போவது யார் என்று எவருக்கும் தெரியாது. தடை வந்த அன்று ஒவ்வொருவரும் தம் இழப்பை டொலர்க் கணக்கில் அறிந்திருந்தனர். குழுவிடம் விதி செய்யும் உரிமை இருந்தது. மிரட்டலைத் தாங்கும் வலு இருக்கவில்லை. கம்பனியிடம் அவ்வலு உண்டு. சீட்டுகளை அச்சிட்டு விற்பதும் அதே கம்பனிதான்.