தொழில்நிலை அளந்து தரும் ஆயுள்

ஒசூரை ஒட்டிக் கர்நாடக எல்லைக்குள் அமைந்த அத்திப்பள்ளியில் 2023 அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கிடங்கு எரிந்தபோது, தீபாவளிப் பருவக் கூலிக்காகத் தருமபுரி மாவட்டம் அம்மாபேட்டை முதலிய தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் உட்பட 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். உரிமம் பற்றியும் அதிகாரிகளின் அலட்சியம் பற்றியும் அப்போது நிறையப் பேசப்பட்டது. வெடிபொருள் அடுக்கிய கூடத்தில் நிற்கும் இடர் எப்போதும் எந்த மனிதருக்கு ஒதுக்கப்படுகிறது என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. ஒருவர் செய்யும் தொழிலின் நிலையே அவருடைய நோயையும் ஆயுளையும் வகுக்குமானால் அது அநீதி என்பதிலும், அதைக் களையும் கடமை அவர் உழைப்பால் பயன் பெறுவோரையே முதலில் சாரும் என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை.

தொழில்நிலை என்பது சம்பள அளவை மட்டும் குறிப்பதன்று. வேலையின் உறுதி, வேலையின் வேகத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை, இடருக்கு மறுப்புச் சொல்லும் துணிவு ஆகிய அனைத்தும் சேர்ந்த படிநிலை அது. 1967இல் இலண்டன் அரசு ஊழியர்களிடையே தொடங்கிய வொய்ட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம் மேல்நிலை அலுவலர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்ததும், புகைப்பழக்கம் முதலிய தனிமனிதக் காரணங்கள் அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கியதும் தெரியவந்தன. அங்கு எவரும் பட்டினி கிடந்தவரல்லர், உலைக்களத்தில் வெந்தவருமல்லர். மேசைப் பணியிலேயே படிநிலை இவ்வாறு உயிரைக் குடிக்குமெனில், வெப்பமும் தூசும் இரவு ஷிப்டும் சேர்ந்த தொழில்களில் அது என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1970களில் சிப்காட் வளாகமாகத் தொடங்கி இன்று வாகனம், கைக்கடிகாரம், மின்னணுக் கருவி எனப் பரந்துள்ள ஒசூர்த் தொழிற்பகுதியில், ஒரே வாயிலுக்குள் நுழைவோரிடையே குறைந்தது மூன்று உலகங்கள் உள்ளன: நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பெறும் அலுவலர், தொழிற்சங்கம் உள்ள நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்ததாரர் பெயரில் வரும் காண்ட்ராக்ட் தொழிலாளி. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. பாதுகாப்பு உண்டென்று சட்டம் சொல்லினும், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பதிவு அறுபடுகிற தொழிலாளிக்கு, அதிலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவருக்கு, அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. நோயுற்றதும் அவர் ஊர் திரும்பிவிட, உடல்வலு உள்ளோர் மட்டுமே ஆலையில் எஞ்சுவதால், ஆலையின் உடல்நலக் கணக்கு மாசற்றதாகத் தோன்றுகிறது. ஆய்வாளர்கள் 'நலத் தொழிலாளர் விளைவு' என்று கூறும் இந்தத் தோற்றப் பிழை, நோயாளியை அகற்றி நோயே இல்லையெனக் காட்டும் கொடுமையாகும்.

இவர்களுக்கும் கீழே நிற்பவர் கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரக் கிரானைட் குவாரித் தொழிலாளியும், கல் அறுக்கும் பட்டறைத் தொழிலாளியும் ஆவர். கல்லைத் துளையிட்டு அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாக இறுகுவதே சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும் இந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் தெளித்தலும் தூசு உறிஞ்சும் பொறியுமே முதன்மையான தடுப்பு. இது காசநோய்க்கும் வழிதிறப்பதால், காசநோய் என்ற பெயரிலேயே பலருடைய ஏடு மூடப்பட்டுவிடுகிறது. குவாரியோ சுரங்கச் சட்டத்தின்கீழ் வந்தது. சுரங்கத்தைத் தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்து 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் விலக்கியே வைத்திருந்தது. மிகுதியாக நோயுறுபவருக்கே பாதுகாப்பு இல்லாதிருந்த இந்த நிலையைத் தற்செயல் என்று கடந்துபோக முடியாது.

தமிழ் அறமரபு இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயை அறிவதோடு நில்லாது அதன் காரணத்தையும் தேடச் சொல்கிறது. இங்குக் காரணம் தொழிலாளியின் உடலில் இல்லை, அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பெருமை அதிகாரம் எல்லா உயிரையும் பிறப்பால் ஒன்றாக்குகிறது. புறநானூற்றின் 189ஆம் பாடலில் நக்கீரர், உலகாளும் வேந்தனுக்கும் உறக்கமின்றி விலங்கு தேடும் வேட்டுவனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவினவே என்று காட்டுகிறார். நுரையீரல் மட்டும் ஆளுக்கு ஆள் வேறா? உடம்பைப் பேணுதலை உயிர் பேணுதலாகவே திருமூலர் கண்டார். கன்றின் உயிருக்குத் தன் மகனையே ஈடாக்கிய சோழன் கதையைப் போற்றும் சமூகம், கூலியாளின் உயிரை இழப்பீட்டுத் தொகையால் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது தன் மரபுக்கே செய்யும் துரோகம்.

மழை பொய்க்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஆலைகளே சோறு தருகின்றன, செலவு கூடினால் முதலீடு எல்லை தாண்டிப் போய்விடும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் அது எங்கே இட்டுச்செல்லும் என்பதை 2023 காட்டிவிட்டது: கர்நாடகம் 12 மணிநேர வேலைக்குச் சட்டத் திருத்தம் செய்த அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அத்தகைய திருத்தத்தை நிறைவேற்றியது; எதிர்ப்பு எழுந்த பின்னரே மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தொழிலாளியின் உறக்கத்தையும் முதுகெலும்பையும் ஏலப்பொருளாக்கும் போட்டியில் எந்த மாநிலம் வென்றாலும் அந்த வெற்றி அறத்தின்பாற்பட்டதன்று.

வீடு தேடிச் சென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். நற்பணியே, ஆயினும் கல்தூசைத் தேடும் மருத்துவமும் அதனோடு சேரவேண்டும். ராஜஸ்தான் அரசு 2019இல் நுரையீரல் தூசு நோய்க்கெனத் தனிக்கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தது. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதியாக்கியதோடு, அவருடைய மருத்துவப் பதிவேட்டை வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகளோ ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. கிருஷ்ணகிரிக் குவாரிகளிலும் ஒசூர் ஆலைகளிலும் அத்தகைய பதிவேட்டைத் திறக்கும் பொறுப்பு, ஆண்டுதோறும் மாறும் ஒப்பந்ததாரரிடம் அன்று, முதன்மை முதலாளியிடமே இருத்தல் வேண்டும். அதன் முதல் பக்கங்கள் காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் கல் அறுப்போருக்கும் உரியவை.