கல்விக்கொடையும் சமயமும்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பித்தற்றொழில் பூண்ட நன்மக்களே!

அப்பர் சுவாமிகளுடைய குருபூசை நாளாகிய இன்று, அவர் கல்லே தெப்பமாகக் கடல் கடந்த அற்புதத்தை விரித்துரைத்தல் வழக்கம். யாம் இன்று அதனை விடுத்து, அவர் தருமசேனர் என்னும் பெயரோடு வாழ்ந்த காலத்தைச் சிறிது சிந்திக்கப் புகுகின்றோம். புகழனாரும் மாதினியாரும் இறந்தபின், மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரிலே மாண்டாராக, உயிர்விடத் துணிந்த திலகவதியார் தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். அத்தம்பியோ நிலையாமை கண்டு அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்து, மெய்ச்சமயம் யாதென்று தேடிப் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியை அடைந்து, அவர்தம் நூல்களைக் கற்றுத் தேர்ந்து, அவர் இட்ட பெயரையும் பெற்றார். அன்று அவருக்கு ஆசனமும் கல்வியும் மதிப்பும் கொடுத்தவர் சமணரே. இதனைச் சேக்கிழார் சுவாமிகள் மறைத்தாரல்லர்.

அக்காலத்துத் திலகவதியார் செய்தது யாது? தம்பியை வைது ஓலை போக்கினாரென்றாவது, ஊராரைக் கூட்டி அவரை விலக்கி வைத்தாரென்றாவது புராணம் கூறவில்லை. திருவதிகையிலே மடம் அமைத்து, திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, பெருமானிடத்து விண்ணப்பஞ் செய்துகொண்டு இருந்தார். சூலைநோய் கொண்டு தம்பி இரவிலே வந்து வீழ்ந்தபோது, திருநீறு கொடுத்து ஏற்றார். இச்செய்தியை உள்ளத்திலே வைத்துக்கொண்டு மேல் வருவதைக் கேட்பீராக.

பௌத்தர் பெரும்பான்மையினராகவுள்ள இவ்விலங்கையிலே 1945 ஆம் ஆண்டு தொடங்கிய இலவசக் கல்வித் திட்டத்தால் பல்கலைக்கழகத்திற் படிப்போர் போதனைக் கட்டணம் செலுத்துவதில்லை. 1981 இல் மகாபொல நிதியமும் ஏற்பட்டது. ஆயினும் வாடகை அறைக்கும், மூவேளை உணவுக்கும், போக்குவரவுக்கும், கணினிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? அவ்விடத்திலே தான் சில கிறிஸ்தவ சபையார் வந்து மாதந்தோறும் பணம் தருகின்றனர். அவருள்ளே ஒன்றும் வேண்டாது கொடுப்பாரும் உளர். ஞாயிறுதோறும் வேதவகுப்புக்கு வருக என்று நிபந்தனை செய்வாரும் உளர். இருவரையும் ஒரு தட்டிலே வைத்து நிறுப்பது நீதியன்று.

சில ஆண்டுகளுக்குமுன் வன்னியிலிருந்து ஒரு மாணவன் எம்மிடம் வந்தான். தந்தையைப் போர் கொண்டது. தாய் கூலிவேலை செய்பவள். தென்னிலங்கைப் பல்கலைக்கழகமொன்றிலே அநுமதி கிடைத்திருந்தது. சபையொன்று உதவ முன்வந்ததாகவும், ஞாயிறு வகுப்பு நிபந்தனையென்றும் சொல்லி, "ஐயா, வாங்கலாமோ?" என்று கேட்டான். யாம் சிறிதும் தாமதியாது, "தம்பி, சமயத்தை விற்றுப் படிக்கும் படிப்பு வேண்டா" என்றோம். அவன் தலைகுனிந்து போயினான். உடனிருந்த ஆசிரியர் இருவர் எமது உறுதியைப் பாராட்டினர். யாமும் அன்றிரவு மனநிறைவோடு உறங்கினோம். மறுவருடம் விசாரித்தபோது, அவன் முதலாண்டிலேயே படிப்பை விட்டு ஒரு பலசரக்குக் கடையிலே கணக்கெழுதுவதாக அறிந்தோம். யாம் அவனுக்குக் கொடுத்தது ஒரு வாக்கியம். அவனுக்கு வேண்டியிருந்தது அறை வாடகை.

இவ்வுதவி இன்று நேற்று முளைத்ததன்று. 1812 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே சேலம் துறைமுகத்தினின்றும் ஒரு கப்பல் புறப்பட்டது. அதிலே வந்தவருள் யட்சன் என்பார் மறுவருடம் பர்மாவின் இரங்கூனை அடைந்தார். நியூவெல் என்பார் இலங்கைக்கு வந்து சில காலம் தங்கினார். யட்சன் வழியிலேயே பாப்திஸ்து சபையைச் சார்ந்துவிட்டமையால் இரண்டு மிஷன்களும் வெவ்வேறாயின. எனினும் ஒரே மரக்கலத்தில் வந்த இரண்டு விதைகள் அவை. பௌத்த நாடாகிய பர்மாவிலே, மோல்மீன் பட்டினத்து இளைஞர் ஷா லூ என்பார் பாப்திஸ்து சபையாரின் துணையோடு 1858 இல் பென்சில்வேனியாவிலுள்ள லூயிஸ்பர்க் சர்வகலாசாலைக்குப் போயினார். அதற்கு இப்போது பக்நெல் என்று பெயர். 1864 இல் அங்கே பட்டம் பெற்று, 1867 இல் கிளீவ்லாந்திலே வைத்தியப் பட்டமும் பெற்று, தம் நாட்டுக்கே மீண்டு வைத்தியராயினார். அமெரிக்காவிலே கற்ற முதற் பர்மியர் அவரே என்பர். அவர் கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். அவர் கையால் மருந்துண்ட நோயாளருக்கு அவர் சமயம் ஒரு குறையாகத் தோன்றியிராது, எமக்கும் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனார் 1816 இல் வந்தனர்; 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினாரியைத் தொடங்கினர். அமெரிக்காவிலுள்ள தனவான் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடுவிக்கலாம் என்பது அக்கால ஒழுங்கு. சோறிட்டவர் பெயரிட்டார். அதனாலேயே கரல், நெவின்ஸ், வைமன் முதலான பெயர்கள் விசுவநாதபிள்ளை, சிதம்பரப்பிள்ளை, கதிரைவேற்பிள்ளை என்னும் பெயர்களுக்கு முன்னே வந்து நின்றன. கேட்பதற்கு நகைப்பாயிருக்கும், தாய் அழைத்த பெயர் பின்னே தள்ளப்பட்டதை எண்ணின் நகை வாராது.

ஆயின் விளைவைப் பாருங்கள். 1855 இல் அமெரிக்காவிலிருந்து விசாரணைக்கு வந்த அந்தர்சன் என்பார் அறிந்தது யாதெனில், பிள்ளைகள் ஆங்கிலமும் கணிதமும் கற்று உத்தியோகத்தை நாடுகின்றனரேயன்றிச் சுவிசேஷ ஊழியத்தை நாடுவார் சிலரே என்பது. செமினாரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. பொருள் கொடுத்தவர் கருதியது ஒன்று, விளைந்தது வேறொன்று. அச்செமினாரிக்குத் தலைவராயிருந்த ஓய்சிங்டன் பாதிரியாரே சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1854 இல் அமெரிக்காவிலே வெளிவரச் செய்தார். மாணாக்கரை மாற்ற வந்தவர் அவர் நூலை மொழிபெயர்த்தது திருவருளின் விளையாட்டேயன்றோ! இன்னும் கேளுங்கள். அமெரிக்கப் பெயர் தாங்கிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய பாடசாலையே சைவபரிபாலன சபையார் கைக்கு வந்து, 1890 இல் வண்ணார்பண்ணையிலே நிலைபெற்று, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. இந்துக் கல்லூரியை எண்ணிப் பெருமை கொள்ளும் நம்மவர், வட்டுக்கோட்டையில் உண்ட சோற்றையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இதனால் நிபந்தனை குற்றமற்றதென்று சொன்னோமல்லேம். பசித்தவனிடத்திலே சோற்றைக் காட்டி நம்பிக்கையைக் கேட்பது, கேட்பவர் எச்சமயத்தவராயினும், கொடையாகாது, வாணிகமேயாம். நாளை நம்மவர் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு உதவி, "வெள்ளிக்கிழமை தேவாரம் படி" என்று விதித்தாலும் அதுவே குற்றம். வேதனம் பெற்று வந்த பத்தியை இறைவன் விரும்புவனோ?

இவ்வுதவியைக் கண்டு பௌத்தர் செய்ததும் கவனிக்கத்தக்கது. கொழும்பிலே 1898 இலும் இரங்கூனிலே 1906 இலும் இளைஞர் பௌத்த சங்கங்கள் எழுந்தன. 1920 இல் இரங்கூன் சர்வகலாசாலைச் சட்டத்தை எதிர்த்து மாணாக்கர் வகுப்புகளை விட்டு வெளியேற, பர்மாவெங்கும் தேசீய வித்தியாசாலைகள் தோன்றின. அவற்றுட் பல பொருட்குறையால் மெலிந்தன. ஆவேசம் கட்டடம் எழுப்பும். மாதச் சம்பளம் கொடாது. நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, பாதிரிமாரைக் கண்டித்ததோடு நின்றாரல்லர். பிள்ளை இருக்கத் திண்ணையும் படிக்கப் புத்தகமும் ஆயத்தஞ் செய்தார். நாமோ அவர் கண்டனத்தை மாத்திரம் மனப்பாடம் பண்ணிக்கொண்டோம். ஒரு திருவிழாவின் மின்விளக்கலங்காரச் செலவிலே ஒரு மாணாக்கன் ஓராண்டு உண்ணலாம் என்பதைச் சொன்னால், கோயில் தருமகர்த்தாக்கள் எம்மீது கோபிப்பர். கோபித்தாலும் கணக்குக் கணக்கே.

வேறொருவன் அந்நிபந்தனைக்கு இசைந்து படித்தான். நாளடைவில் ஞானஸ்நானமும் பெற்றான். அவன் தாயார் சிவபதமடைந்த அன்று யாமும் அவ்வீட்டிற்குப் போயிருந்தோம். அவன் படலையண்டை நின்றான். உள்ளே வா என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எம் வாயிலிருந்தும் வரவில்லை. அவனுக்கு அரிவரி கற்பித்தவர்கள் அங்கே நால்வர் இருந்தோம். திலகவதியாரின் குருதி நம் உடம்பில் ஓடுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அன்று அவனைக் காணாதார்போல நிலத்தை நோக்கிக்கொண்டிருந்தோம்.

சென்ற திங்கள், கடையிலே கணக்கெழுதும் அம்மாணவன் மீண்டும் வந்தான். கையிலே தங்கையின் அநுமதிக் கடிதம். அவளுக்கும் அதே சபையார் அதே நிபந்தனையோடு உதவ முன்வந்திருக்கின்றனர். "ஐயா, இம்முறை என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டான். அவன் குரலிலே கோபமில்லை. இருந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும். வாங்குவதும் விடுவதும் அவள் விருப்பமென்றும், வாங்கினாலும் எம் வீட்டு வாயில் அவளுக்கு அடையாதென்றும், வாங்காவிடின் அறை வாடகையும் உணவும் நாம் தருவோமென்றும் சொல்லி அனுப்பினோம். அச்செலவை ஐந்து பங்காக்கி, நான்காண்டுக்குப் பொறுப்பேற்கும் பத்திரம் ஒன்று எழுதி, இம்மண்டபத்து வாயில் மேசையிலே வைத்திருக்கின்றோம். அவள் யாரென்று அதில் எழுதவில்லை. அவள் சமயத்தையும் எழுதவில்லை. மூவர் கையொப்பமிட்டுள்ளனர். இரண்டு பங்கு எஞ்சியுள்ளன.